ஆரியசாலை முதல் சுசீந்திரம் வரை: தவணை முறையில் ஒரு நெடுநடை

ஆண்டுதோறும் நவராத்திரி தொடங்குவதற்குச் சற்று முன்னதாகக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்திற்குப் புறப்படுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டுச் சரஸ்வதி யானைமீது எழுந்தருள, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளில் உடன் வருகின்றனர். அரண்மனையில் முறைப்படி கைமாற்றப்படும் மன்னரின் உடைவாள் முன்னே செல்கிறது. முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் மாலை கரமனை வழியாகக் கோட்டைக்குள் வருகை. சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், முன்னுதித்த நங்கை செந்திட்டை அம்மன் கோயிலிலும், குமாரசுவாமி ஆரியசாலை அம்மன் கோயிலிலும் பூஜை கொள்கின்றனர். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரை வாகனத்தில் பூஜைப்புரைக்கு எழுந்தருளித் திரும்பிய பின்னர், மூவரும் வந்த வழியே ஊர் திரும்புகின்றனர்.

திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. தலைநகரம் மாறிய பின்னும் தெய்வங்களின் இருப்பிடம் மாறவில்லை. ஆகவே ஆண்டுக்கொரு முறை இந்தப் பயணம். தேவாரக்கெட்டுச் சரஸ்வதியைக் கம்பர் பூஜித்து, பின்னர் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அன்று முதல் இந்தப் பயணம் இரு மாநிலங்களுக்கு இடையிலான பயணமும் ஆயிற்று. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் காவல்துறை மரியாதையுடன் வரவேற்கின்றனர்.

ஆரியசாலையில் பணியாற்றிய ஆண்டுகளில் இந்த வரவேற்பைப் பலமுறை கண்டிருக்கிறேன். திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெரு கிழக்கே வந்து முடியும் இடத்தில் இருக்கிறது ஆரியசாலை. அரிசி, வெல்லம், மிளகு, பாத்திரம், பூஜைச் சாமான் என்று எதைக் கேட்டாலும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆ. மாதவன் என்னும் எழுத்தாளர் இதே கடைத்தெருவில் கடை வைத்திருந்து, இத்தெருவின் மனிதர்களையே கதைகளாக எழுதியவர். இங்குள்ள வணிகர்களின் முன்னோர் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்தவர்கள். குமாரசுவாமி வரும் நாளில் அவர்கள் கடை வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்து நிற்பதைப் பார்க்கும்போது, சொந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவது போலவே தோன்றும்.

சாமி வந்த வழியை நாமும் நடந்து பார்த்தால் என்ன என்ற பேச்சு ஒரு விஜயதசமிக்கு மறுநாள் எழுந்தது. பேசியவர்கள் நால்வர். எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்; சாலையில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி; தமிழாசிரியர் ஒருவர்; பிறகு நான். அண்ணாச்சியின் பாட்டனார் சுசீந்திரத்திலிருந்து கால்நடையாகவே திருவனந்தபுரம் வந்தவராம். காசாளருக்குப் போன ஆண்டுதான் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "தினமும் மியூசியத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து எனக்கு அலுத்துப் போச்சு. எங்கேயாவது போய்ச் சேருகிற மாதிரி நடக்கலாமே" என்றார் அவர். மருத்துவரிடம் அனுமதியும் கேட்டு வந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மிகாமல், வெயிலுக்கு முன்னால், மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

ஆரியசாலையிலிருந்து பத்மநாபபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து முன்னுதித்த நங்கையின் சுசீந்திரம் இன்னும் 20 கிலோமீட்டர். மொத்தம் 75 கிலோமீட்டர் என்பது திடகாத்திரமானவர்களுக்கு நான்கு நாள் வேலை. ஆனால் நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் எங்கள் நால்வருக்கும் எப்போது கிடைக்கும்? வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் விடுமுறை. ஆனால் அண்ணாச்சியின் கடைக்குச் சனிக்கிழமைதான் கூட்டம். ஆசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் பணி. ஆக, மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். தெய்வங்கள் ஊர் திரும்பும் திசையில், ஆரியசாலையிலிருந்து தெற்கு நோக்கி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு துண்டு என்று முடிவாயிற்று.

இவ்வாறு நடப்பதை அரைகுறை வேலை என்று கருதுவோர் உண்டு. அமெரிக்காவில் அப்பலாச்சியன் நெடுந்தடம் என்று ஒன்று இருக்கிறது. பென்டன் மெக்கே என்பவர் 1921இல் முன்மொழிந்து, 1937இல் முழுமை பெற்ற இத்தடம், ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. ஒரே மூச்சில் நடந்து முடிப்பவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். ஆண்டுக்குச் சில நாட்கள் விடுப்பெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பத்து இருபது ஆண்டுகளில் முடிப்பவர்களும் இருக்கின்றனர். தடத்தைப் பராமரிக்கும் அமைப்பு இரு சாராரையும் ஒரே பட்டியலில், ஒரே பெயரில்தான் பதிவு செய்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் குமாரசுவாமியே குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித்தானே வருகிறார் என்றார் ஆசிரியர்.

துண்டு துண்டாக நடப்பதற்கு ஒரே ஒரு விதி உண்டு. நிறுத்திய இடம் எதுவோ, அதே இடத்தில்தான் அடுத்த முறை கால் வைக்க வேண்டும். பத்தடி தள்ளித் தொடங்கினாலும் அது வேறு நடையாகிவிடும். இதில் எங்கள் காசாளர் காட்டிய கண்டிப்பை, நாற்பது ஆண்டுகள் ரொக்கத்தை எண்ணிப் பழகியவரிடம்தான் காண முடியும். நீளவாக்கில் கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் தேதி, தொடங்கிய இடம், நிறுத்திய இடம், தூரம், செலவு என்று பத்தி பத்தியாக எழுதினார். நிறுத்திய இடத்துக்கு அடையாளம் ஒரு மைல்கல், ஒரு மின்கம்பத்தின் எண், அல்லது ஒரு கடையின் பெயர்ப்பலகை. நால்வரில் எவர் வராவிட்டாலும் அன்று நடை இல்லை என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட இரண்டாவது விதி. வராதவர் அடுத்த முறை எல்லோருக்கும் காலை உணவு வாங்கித் தர வேண்டும். தொடர் வைப்புக் கணக்கில் தவணை தவறினால் அபராதம் போடுவதில்லையா என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர் அண்ணாச்சி. முதல் அபராதம் கட்டியவரும் அவரே.

மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், விடிவதற்கு முன், ஆரியசாலை அம்மன் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டோம். கிள்ளிப்பாலம், கரமனை, கைமனம், பாப்பனங்கோடு, நேமம், பள்ளிச்சல் வழியாகப் பாலராமபுரம் வரை சுமார் 14 கிலோமீட்டர். மருத்துவர் வகுத்த எல்லையைத் தாண்டிய தூரமாகையால் நேமத்திலேயே நிறுத்தி, மிச்சத்தை அடுத்த ஞாயிறுக்கு வைத்தோம். உண்மையைச் சொல்வதானால், இதில் இயற்கை எழில் எதுவும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை, லாரி, ஹாரன், நடைமேடை சில இடங்களில் இருக்கிறது, பல இடங்களில் இல்லை. மலைப்பாதையில் நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் நேமம் தாண்டும் முன்பே திரும்பி விடுவார்கள். வாகனங்களுக்கு எதிர்முகமாக, சாலையின் வலப்புறம் ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும்; வெளிர்நிற உடை அணிய வேண்டும்; ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனால் ஊர்ப்பெயர்களைக் கவனித்துக்கொண்டு நடந்தால், இந்தச் சாலை யாருக்காக உண்டானது என்பது தானே விளங்கும். காரைக்காமண்டபம், அழகியமண்டபம், சாமியார்மடம் ஆகிய பெயர்களில் மண்டபமும் மடமும் நிற்கின்றன; நடந்து வந்தவர்கள் உட்கார்ந்த இடங்கள் அவை. ஆறாலுமூடு, படந்தாலுமூடு போன்ற பெயர்களின் ஈற்றில் வரும் 'மூடு' என்பது மரத்தடி. பேருந்தில் போகும்போது நடத்துநர் கூவும் நிறுத்தமாக மட்டுமே இருந்த பெயர்கள், நடக்கும்போது நிழலாகவும் திண்ணையாகவும் மாறின. பழைய வழிப்போக்கர்களும் எங்களைப் போலவே ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் காசாளருக்குப் பெரிய ஆறுதல்.

பாலராமபுரத்தில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் நின்றோம். பாலராமவர்மா மன்னரின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் ஏற்பாட்டில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று இன்றும் வழங்கும் தெருக்களில் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். குழித்தறியில் கால் மிதித்து, பருத்தி நூலோடு சரிகைக் கரை சேர்த்து நெய்யும் வேட்டியும் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. அதிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து, கஞ்சி தடவி, தூரிகையால் வாரிக்கொண்டிருந்தார்கள். பாவின் ஒரு முனையில் நின்ற மூதாட்டி எங்களிடம் தமிழில் பேசி, மறுமுனையில் நின்ற மகனிடம் மலையாளத்தில் பதில் பெற்றுக்கொண்டிருந்தார். விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதால் தம் கூலி உயரவில்லை என்று அவர் சொன்னது, கடன் கோப்புகளில் நான் படித்திருந்த எந்தக் குறிப்பையும்விடத் தெளிவாக இருந்தது.

இதே பாலராமபுரத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தம் சமூகத்தார்க்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் வில்வண்டியில் ஏறிப் பயணம் செய்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவரும் தோழர்களும் பாலராமபுரத்துப் பொதுத் தெருவில் நடந்து வந்தபோது தாக்கப்பட்டனர், அவர்களும் பின்வாங்கவில்லை. சாலையில் நடப்பது என்பது ஒருவர் விரும்பினால் செய்யக்கூடிய காரியமாக எல்லோருக்கும் எப்போதும் இருந்ததில்லை. எங்கள் நடையின் மறுமுனையான சுசீந்திரத்திலும் 1926இல் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கோயில்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. ஆசிரியர் இதையெல்லாம் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்க பாட்டன் இந்த வழியா நடந்து வந்தார்னு பெருமையாச் சொல்வோம். நடக்க விடாதவங்களைப் பத்தி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை" என்றார் கடைசியில்.

நெய்யாற்றின்கரை வரையிலான மூன்றாம் துண்டு சிறியது. கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழம்பெரும் பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளம் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பார்கள். தங்கல் கோயிலில் நாங்களும் முறைப்படி உட்கார்ந்து, கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டோம்.

இங்கே ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை இந்தப் பழைய சாலைக்குப் பெரும்பாலும் பக்கத்திலேயே ஓடுகிறது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று நிலையங்கள் வரிசையாக இருப்பதால், காலை ரயிலில் போய் நிறுத்திய இடத்திலிருந்து நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறி மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். சில நிலையங்கள் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தைக் காசாளர் குறிப்பேட்டில் தனிப் பத்தியில் எழுதினார். கணக்கில் சேராத தூரம் என்று அதற்குத் தலைப்பு.

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே மொழி மாறுகிறது. மாறுகிறது என்பதைவிடக் கரைகிறது எனலாம். வரைபடத்தில் களியக்காவிளையில் ஒரு கோடு இருக்கிறது. காதில் அப்படியொரு கோடு விழுவதில்லை. அமரவிளையிலும் உதியன்குளங்கரையிலும் பேசும் மலையாளத்தில் தமிழின் சாயல் ஏறிக்கொண்டே வருகிறது. எல்லை கடந்து விளவங்கோட்டுத் தமிழைக் கேட்டால், சென்னையிலிருந்து வந்தவர் அதை மலையாளம் என்றே எண்ணுவார். 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லைக்கு இப்புறமும் உண்டு, அப்புறமும் உண்டு. பாறசாலையில் ஏத்தப்பழம் வாங்கினோம். களியக்காவிளை தாண்டியும் அது ஏத்தம்பழமே. நெய்யாற்றின்கரைத் தேநீர்க் கடைக்காரர் எங்களை 'மக்களே' என்று அழைத்தார். குழித்துறைக்காரர் 'மக்ளே' என்றார். ஓர் எழுத்து மட்டுமே வேறுபாடு என்றார் ஆசிரியர். மாநில எல்லையில் மாறியவை என்று நாங்கள் உறுதியாகக் கண்டவை பேருந்துகளின் நிறமும் கைப்பேசியில் வந்த வரவேற்புச் செய்தியும்தான்.

ஐந்தாம் துண்டு பாறசாலையிலிருந்து குழித்துறை வரை, சுமார் 10 கிலோமீட்டர். அன்று மாசி மாதத்து வெயில் ஏழரை மணிக்கே உறைத்தது. படந்தாலுமூடு தாண்டியதும் காசாளரின் நடை தளர்ந்தது. குழித்துறையில் தாமிரபரணி ஆற்றுப்பாலத்தின் தொடக்கத்தை அடைந்தபோது, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. நாவடியில் வைக்கும் மாத்திரையை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணாச்சி அதற்குள் ஓர் ஆட்டோவை மறித்திருந்தார். பத்து நிமிடத்தில் மருத்துவமனை. இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்தார்கள், மாலை வரை படுக்க வைத்தார்கள். புதிய அடைப்பு எதுவும் இல்லை. வெயிலும் நீர்ச்சத்துக் குறைவும் இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை என்றார் மருத்துவர். ஆயினும் கோடை முடியும்வரை நெடுநடை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். அவர் மனைவியிடம் தொலைபேசியில் செய்தி சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. மறுமுனையில் அந்த அம்மாள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை, "மாத்திரை கையில வச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் ரயிலில் காசாளர், "நீங்க மூணு பேரும் முடிச்சிடுங்க. என்னால எல்லாரும் நிக்க வேண்டாம்" என்றார். விதி இருக்கிறதே என்றார் ஆசிரியர். "விதியை நாமதானே போட்டோம், மாத்திக்கலாம்" என்று அவர் வாதாடினார். அண்ணாச்சி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பல்லக்குத் தூக்குறவங்க நாலு பேர்ல ஒருத்தருக்கு முடியலைன்னா, மத்த மூணு பேரும் பல்லக்கைத் தூக்கிட்டுப் போவாங்களா? இறக்கி வைப்பாங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பத்து மாதங்கள் இறக்கி வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் ஞாயிறு மாலைகளில் சங்குமுகம் கடற்கரையில் கூடினோம். முதலில் ஒரு கிலோமீட்டர், பிறகு இரண்டு, ஓணத்திற்குள் ஐந்து. நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வங்கிக்கு வருவார்கள் அல்லவா? அவரும் வந்தார். கைரேகை பதிந்து முடித்ததும், மருத்துவரின் புதிய சீட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். எட்டு கிலோமீட்டர் வரை அனுமதி. "இதையும் கோப்புல வச்சுக்கோங்க" என்றார்.

மார்கழியில் அதே பாலத்தின் அதே முனையில் நால்வரும் நின்றோம். அன்றைய அமளியில் எவரும் அடையாளம் குறித்திருக்கவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ குறிப்பேட்டைத் திறந்து, கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடத்திலிருந்து இத்தனையாவது தூண் என்று படித்தார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி நினைவிலிருந்து எழுதியதாம்.

அதற்குப் பின் வந்த வழி கண்ணுக்கும் இனியது. மேற்கு மலைகளின் வரிசை இடப்புறம் கூடவே வருகிறது. மார்த்தாண்டத்தில் தேன் வாங்கினோம். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தி, தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக வளர்த்தார். இன்று மார்த்தாண்டம் தேனுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சாமியார்மடத்தில் பதநீர் குடித்தோம். இந்தப் பக்கத்தில் அதற்கு அக்கானி என்று பெயர். அழகியமண்டபம் கடந்து, திருவிதாங்கூர் என்ற பெயருக்கே மூலமான திருவிதாங்கோட்டை எட்டிப் பார்த்து, தக்கலையில் பீர்முகமது அப்பாவின் தர்காவுக்கு முன்னால் சற்று நின்றோம். தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி அவர். எட்டு கிலோமீட்டர் வரம்பு இருந்ததால் குழித்துறையிலிருந்து பத்மநாபபுரம் செல்ல இரண்டு ஞாயிறுகள் ஆயின. மரத்தாலான அந்த அரண்மனையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும், இங்கே இடமில்லை. அங்கிருந்து தெற்கே, டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, வென்ற மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர். அடுத்த வளைவில் வேளிமலை தெரிந்தது. ஆரியசாலையில் விருந்தினராக மட்டுமே பார்த்த குமாரசுவாமியை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தோம்.

வில்லுக்குறி, பார்வதிபுரம், நாகர்கோவில். சித்திரை பிறந்தபோது கோட்டாறு முதல் சுசீந்திரம் வரையிலான கடைசித் துண்டு மட்டுமே பாக்கி. அதை விடுமுறையில் ஆற அமர நடக்கலாம் என்று வைத்திருந்தோம். அந்த வாரம் எனக்குப் பதவி உயர்வுடன் இடமாற்ற ஆணை வந்தது. ஊர், தெலங்காணாவில், பணியில் சேரப் பத்து நாள் அவகாசம். வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்க வேண்டும். இதில் ஒரு ஞாயிறு எங்கிருந்து வரும் என்று தயங்கியபோது, என் மனைவிதான், "அவர் பத்து மாசம் காத்திருந்து நடந்தார். நீங்க ஒரு காலைப் பொழுதுக்கு யோசிக்கிறீங்களா?" என்றாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கோட்டாறில் தொடங்கினோம். இருபுறமும் தென்னந்தோப்பு, அப்பால் வயல், பழையாற்றின் மேல் பாலம், அதைத் தாண்டியதும் தாணுமாலயன் கோயிலின் வெள்ளைக் கோபுரம். ஆறரை மணிக்குத் தெப்பக்குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சி தம் பாட்டனார் வாழ்ந்த தெருவைக் கேட்டு விசாரித்துக்கொண்டு போனார். தெரு இருந்தது, வீடு இல்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு கைப்பேசிக் கடை. அதன் வாசல்படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். முன்னுதித்த நங்கையின் சந்நிதியில் காசாளர் குறிப்பேட்டை வைத்து எடுத்தார். மொத்தம் பதினொரு ஞாயிறுகள், 75 கிலோமீட்டர். கணக்கில் சேராத தூரம் 9 கிலோமீட்டர். மருத்துவமனைச் செலவையும் அவர் அதிலேயே எழுதியிருந்தார்.

முன்னுதித்த நங்கை திருவனந்தபுரத்திற்குப் போகும் திசையில் இன்னும் நடக்கவில்லையே என்று அவர்தான் தொடங்கி வைத்தார். சென்ற மார்கழியில் மூவரும் சுசீந்திரத்திலிருந்து வடக்கே புறப்பட்டு, நான் இல்லாததால் கோட்டாறிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். முதல் துண்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தியதாகவும், இனித் தளர்வில்லை என்றும் செய்தி வந்தது. கூடவே மின்கம்பத்தின் எண்ணும். நான் அந்த முதல் துண்டைத் தனியாக நடந்து அவர்களைச் சேர வேண்டுமாம். பொங்கலை ஒட்டி மூன்று நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பித்திருக்கிறேன். நாகர்கோவிலுக்குப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. நால்வருக்கும் காலை உணவு என் செலவு.